உலக மாசுக்கு எந்த நாடு பொறுப்பு? விவாதத்தில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உலக மாசுக்கு எந்த நாடுகள் பொறுப்பேற்க வேண்டும் என்று இருவர் விவாதிக்கத் தொடங்கினால், சிறிது நேரத்திலேயே அவர்கள் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஒருவர் இன்று அதிகமாகப் புகை விடும் நாட்டைச் சுட்டுகிறார். மற்றவர் நூற்றைம்பது ஆண்டுகளாகப் புகை விட்டு வளர்ந்த நாட்டைச் சுட்டுகிறார். இருவர் கையிலும் உள்ள எண்கள் சரியானவையே. எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதை இருவருமே வெளிப்படையாகச் சொல்லாததால்தான் விவாதம் நகராமல் நிற்கிறது. கல்லூரி விவாத மேடை, மாதிரி ஐ.நா. அவை, கட்டுரைப் போட்டி என எங்கே பேசப் போகிறவராக இருந்தாலும், முதன்முறையாக இப்பொருளை எடுத்துக்கொள்பவர் செய்ய வேண்டிய ஆயத்தத்தை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. வரிசையை மாற்ற வேண்டாம். முதல் இரண்டு படிகளைச் செய்யாமல் வாதங்களுக்குப் போகிறவர்கள், எதிரணியின் முதல் கேள்வியிலேயே தொடங்கிய இடத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

படி 1: எந்த மாசு என்பதை முடிவு செய்யுங்கள்

மாசு என்று பொதுவாகப் பேசினால் பொறுப்பும் பொதுவாகவே கரைந்துவிடும். ஒரு மாசுப் பொருள் எவ்வளவு தூரம் பயணிக்கிறது, எவ்வளவு காலம் தங்குகிறது என்பதைப் பொறுத்தே யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அமைகிறது. கரியமில வாயு எந்த மூலையில் வெளிவந்தாலும் உலகக் காற்று மண்டலம் முழுவதும் கலந்துவிடுகிறது. அதன் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்குகிறது. மீத்தேன் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் சிதைகிறது என்றாலும், நூறு ஆண்டுக் கணக்கில் எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது.

கந்தக டை ஆக்சைடும் நுண்துகள்களும் அப்படியல்ல. அவை பெரும்பாலும் சில நாள்களிலேயே மழையோடும் தூசியோடும் தரையிறங்கிவிடுவதால், அவற்றைப் பற்றிய வழக்கு அநேகமாக அண்டை நாடுகளுக்கிடையிலான வழக்கு. கனடாவின் டிரெயில் நகரத்து உருக்காலைப் புகை எல்லை தாண்டி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில விவசாயிகளின் பயிர்களைக் கெடுத்தபோது, தன் நிலப்பரப்பிலிருந்து எழும் புகையால் பிற நாட்டுக்குக் கடுமையான சேதம் விளைவிக்க எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை என்று 1941 இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் பிரிட்டனிலும் மத்திய ஐரோப்பாவிலும் எரிந்த நிலக்கரியின் கந்தகம் ஸ்காண்டிநேவிய ஏரிகளில் அமில மழையாக இறங்கியது. 1979 இல் ஜெனீவாவில் எல்லை தாண்டும் காற்று மாசுக்கான உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

ஆகவே தலைப்பு உங்களிடம் வந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, எந்த மாசைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்வது. புதியவர்கள் பசுமைக்குடில் வாயுக்களிலிருந்து, அதாவது கரியமில வாயு, மீத்தேன் போன்று வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்களிலிருந்து, தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அவற்றுக்குத்தான் நாடுவாரியான கணக்குகள் நீண்ட காலத்துக்குக் கிடைக்கின்றன. உலக நாடுகள் பொறுப்பைப் பற்றி நேருக்கு நேர் மோதிக்கொண்ட ஒப்பந்த வரலாறும் அவற்றைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

படி 2: ஒரே நாட்டைப் பல அளவுகோல்களால் அளந்து பாருங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் நாடுகளின் பெயர்களை எழுதுங்கள். அமெரிக்கா, சீனா, இந்தியா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், கத்தார், பிரேசில், ஆப்பிரிக்காவின் ஏழை நாடு ஒன்று, கடல்மட்ட உயர்வால் அச்சுறுத்தப்படும் தீவு நாடு ஒன்று என்ற கலவை போதுமானது. மேலே அளவுகோல்களை எழுதிக் கட்டங்களை நிரப்புங்கள். நிரப்பி முடிக்கும்போது உங்கள் கருத்தே ஓரளவு மாறியிருக்கும். மாறாவிட்டாலும் எதிரணி எந்தக் கட்டத்திலிருந்து பேசும் என்பது தெரிந்திருக்கும்.

முதல் அளவுகோல் ஆண்டு உமிழ்வு. 2023 இல் புதைபடிவ எரிபொருள்களிலிருந்தும் சிமென்ட் உற்பத்தியிலிருந்தும் வெளிவந்த கரியமில வாயு ஏறத்தாழ 3,700 கோடி டன். இதில் சீனாவின் பங்கு சுமார் 31 சதவீதம், அமெரிக்காவின் பங்கு சுமார் 13, இந்தியாவின் பங்கு சுமார் 8, ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு சுமார் 7. சீனா அமெரிக்காவைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தது 2006 வாக்கில். இனி உமிழ்வு எங்கே குறைந்தாக வேண்டும் என்று கேட்பவருக்கு இந்த அளவுகோல் இன்றியமையாதது. இதுவரை நடந்த வெப்பமாதலுக்கு யார் காரணம் என்று கேட்பவருக்கு இது மிகக் குறைவாகவே உதவும்.

அந்தக் கேள்விக்குத் திரண்ட உமிழ்வைப் பார்க்க வேண்டும். ஒரு தொட்டி ஏன் நிரம்பி வழிகிறது என்று அறிய, இன்று எந்தக் குழாயிலிருந்து அதிக நீர் விழுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. இதுவரை எந்தக் குழாய் எவ்வளவு நிரப்பியது என்பதையும் பார்க்க வேண்டும். தொழிற்புரட்சிக் காலம் முதல் எரிக்கப்பட்ட புதைபடிவ எரிபொருளைக் கூட்டினால் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சேர்ந்து ஐந்தில் ஒன்றுக்கு மேல். சீனா ஏழில் ஒன்று என்ற அளவில் இருக்கிறது. இந்தியா 3 முதல் 4 சதவீதத்துக்குள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டியிருக்கிறது. அந்த உயர்வுக்குக் காரணமானவர்களைத் தேடினால் இந்தப் பட்டியலில்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, தனிநபர் சராசரி. உலகச் சராசரி ஆண்டுக்கு 4.7 டன் அளவில் இருக்க, அமெரிக்கர் ஒருவருக்குச் சுமார் 14 டன், சீனர் ஒருவருக்குச் சுமார் 8 டன், ஐரோப்பிய ஒன்றியத்தில் 5 முதல் 6 டன், இந்தியர் ஒருவருக்குச் சுமார் 2 டன் என்று கணக்கு வருகிறது. கத்தாரில் இது 30 டன்னைத் தாண்டுகிறது. ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள் பலவற்றில் அரை டன்கூட இல்லை. வளிமண்டலத்தில் எல்லா மனிதருக்கும் சம உரிமை உண்டு என்று நம்புகிறவர், மக்கள்தொகையைக் கணக்கில் கொள்ளாத எந்தப் பட்டியலையும் நியாயத்தின் அளவாக ஏற்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அதே நேரத்தில் இதிலும் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். சீனாவின் தனிநபர் சராசரி இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரியைத் தாண்டிவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய எண்களை வைத்துச் சீனாவை இன்னும் ஏழை நாடுகளின் வரிசையில் நிறுத்திப் பேசினால் எதிரணி எளிதில் திருத்திவிடும்.

நான்காவது, நுகர்வு வழிக் கணக்கு. ஒரு பொருள் தயாராகும் நாட்டின் கணக்கில் புகையை எழுதுவதா, அதை வாங்கிப் பயன்படுத்தும் நாட்டின் கணக்கில் எழுதுவதா என்பதே இங்கே கேள்வி. இறக்குமதிப் பொருள்களில் அடங்கிய உமிழ்வைச் சேர்த்தால் பிரிட்டன், ஸ்வீடன் போன்ற நாடுகளின் கணக்கு கணிசமாக உயர்கிறது. சுவிட்சர்லாந்தின் கணக்கு இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. சீனாவின் கணக்கு குறைகிறது. ஆனால் எவ்வளவு குறைகிறது என்பதையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்: அண்மைக் கணக்குகளின்படி அது பத்தில் ஒரு பங்கு அளவில்தான். அப்படிக் கழித்த பிறகும் ஆண்டு உமிழ்வில் சீனாவே முதலிடத்தில் நிற்கிறது. சீனாவின் புகையெல்லாம் மேலை நாடுகளுக்கான பொருள்களால் வந்தது என்ற வாதம் மேடையில் அடிக்கடி எழும். எண்கள் அந்த அளவுக்கு அதற்கு ஆதரவு தருவதில்லை. இந்தக் கணக்கு ஏட்டளவில் நிற்கும் ஒன்றும் அல்ல. இரும்பு, சிமென்ட், அலுமினியம், உரம் போன்ற இறக்குமதிகளைத் தயாரிக்கும்போது வெளிவந்த கரிமத்துக்கு (கார்பனுக்கு) விலை வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிமக் கட்டண முறை 2026 தொடக்கத்திலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ளது. வாங்குகிறவர் தன் பொறுப்பை ஏற்கும் வழி அது என்று ஒரு தரப்பும், வளரும் நாடுகளின் ஏற்றுமதிக்குப் போட்ட தடை என்று இன்னொரு தரப்பும் வாதிடுகின்றன.

காடழிப்பையும் நிலப் பயன்பாட்டு மாற்றத்தையும் சேர்த்தால் பட்டியல் மறுபடி கலைகிறது. 1850 முதலான திரண்ட கணக்கில் பிரேசிலும் இந்தோனேசியாவும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் பங்கு ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. சர்வதேசக் கப்பல் போக்குவரத்தும் விமானப் போக்குவரத்தும் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்க்கப்படாமல் தனியாகக் குறிக்கப்படுகின்றன என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெயையும் எரிவாயுவையும் தோண்டி விற்கும் நாட்டின் பொறுப்பு வேறொரு கேள்வி. நார்வே தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை நீர்மின் நிலையங்களிலிருந்து பெறுகிறது; அது ஏற்றுமதி செய்யும் எரிபொருள் வேறு நாடுகளில் எரிகிறது, அந்த நாடுகளின் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

படி 3: எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதற்குக் காரணம் சொல்லுங்கள்

திரண்ட உமிழ்வைப் பேசுகிறவர் தொடக்க ஆண்டு ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். 1850 இலிருந்து எண்ணினால் பழைய தொழில் நாடுகளின் பங்கு பெருகும். 1990 இலிருந்து எண்ணினால் ஆசியாவின் பங்கு பெருகும். பிந்தைய ஆண்டை ஆதரிப்பவர்கள், தெரியாமல் செய்த தவற்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக்க முடியுமா என்று கேட்பார்கள். இது அலட்சியப்படுத்தத்தக்க கேள்வி அல்ல. கவனமாக விடை சொல்ல வேண்டியது.

அறிவியல் வரலாறு இங்கே கைகொடுக்கும். கரியமில வாயு வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதை யூனிஸ் ஃபுட் 1856 இல் சோதனை வழியே காட்டினார். ஜான் டின்டல் 1859 இல் அந்த வாயு வெப்பக் கதிர்களை உறிஞ்சுவதை அளந்தார். காற்றில் கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடேறும் என்பதை ஸ்வான்டே அர்ரேனியஸ் 1896 இலேயே கணக்கிட்டுப் பார்த்தார். ஆயினும் காற்றில் கரியமில வாயு ஆண்டுதோறும் கூடுவது தொடர்ச்சியான அளவீட்டால் நிறுவப்பட்டது சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவாவில் 1958 இல் அளக்கத் தொடங்கிய பிறகுதான். அரசுகளுக்கிடையிலான காலநிலை மாற்றக் குழு 1988 இல் அமைந்து, 1990 இல் முதல் அறிக்கையை அளித்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த அரசும் அறியாமையைக் காரணமாகச் சொல்ல இயலாது.

இந்தக் கேள்விக்கு விடையாகப் பயன்படும் முக்கியமான எண் ஒன்று உண்டு. 1850 முதல் 2019 வரை மனிதச் செயல்களால் வெளிவந்த கரியமில வாயு ஏறத்தாழ 2,40,000 கோடி டன் என்றும், அதில் 42 சதவீதம் 1990 க்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் வெளிவந்தது என்றும் அக்குழுவின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கை கூறுகிறது. அதாவது, அறியாமல் செய்ததைக் கழித்துவிட்டாலும் அறிந்தே செய்தது மிகப் பெரிய அளவில் மீதம் இருக்கிறது. மறுபக்கம், அறியாமை குற்ற உணர்வைத்தான் குறைக்கும். அந்த உமிழ்வால் கிடைத்த செல்வம் இன்றும் அந்நாடுகளின் சாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இருப்பதால், பயனை வைத்துக்கொண்டு சுமையை மட்டும் மறுக்க முடியாது என்ற வாதமும் வலுவானது. நான் இந்த இரண்டாவது வாதத்தின் பக்கமே சாய்கிறேன்.

காலனி ஆட்சிக் காலத்தைப் பற்றியும் ஒரு வரி தயாராக வைத்திருங்கள். அடிமைப்பட்ட நாடுகளில் அன்று நடந்த காடழிப்பையும் எரிப்பையும் ஆண்ட நாடுகளின் கணக்கில் எழுதினால் பிரிட்டன், நெதர்லாந்து ஆகியவற்றின் பங்கு வெகுவாக உயர்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவரிடமே பொறுப்பும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

படி 4: பொறுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரியுங்கள்

விவாதங்களில் மூன்று வகைப் பொறுப்புகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கும். கேட்டை விளைவித்த பொறுப்பு ஒன்று. சரிசெய்யும் வசதி இருப்பதால் வரும் பொறுப்பு இன்னொன்று. ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டதால் சட்டப்படி வரும் பொறுப்பு மூன்றாவது. ஒரு நாடு இவற்றில் ஒன்றில் மட்டும் அகப்படலாம். குறைந்த மக்கள்தொகையும் மிகுந்த செல்வமும் கொண்ட சிறிய நாடு, உலகக் கேட்டில் மிகச் சிறிய பங்கே வகித்திருந்தாலும் உதவும் வசதியால் பொறுப்பாகிறது.

1992 இல் ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட ஐ.நா. காலநிலை உடன்படிக்கை, முதல் இரண்டையும் ஒரே தொடரில் இணைத்தது. பொறுப்பு எல்லாருக்கும் பொதுவானது, ஆனால் அளவில் வேறுபட்டது, அவரவர் திறனுக்கேற்றது என்பதே அந்தத் தொடரின் சாரம். இந்தக் கொள்கையைச் சொல்லாமல் இவ்விவாதத்தில் யாரும் வெகுதூரம் போக முடியாது. அந்த உடன்படிக்கை நாடுகளைப் பட்டியல்களாகப் பிரித்தது. தொழில்மயமான நாடுகள் முதல் இணைப்பில் இடம்பெற்றன. 1997 இல் உருவான கியோட்டோ நெறிமுறை அந்தப் பட்டியல் நாடுகளுக்கு மட்டுமே உமிழ்வு வரம்பு விதித்தது: 2008 முதல் 2012 வரையான காலத்தில் 1990 அளவிலிருந்து மொத்தமாக 5 சதவீதம் குறைக்க வேண்டும். அதே 1997 ஜூலையில், வளரும் நாடுகளுக்கும் அதே காலத்தில் வரம்பு விதிக்காத எந்த ஒப்பந்தத்திலும் அமெரிக்கா கையெழுத்திடக் கூடாது என்ற தீர்மானத்தை அமெரிக்க செனட் 95 க்கு 0 என்ற வாக்குகளில் நிறைவேற்றியிருந்தது. அமெரிக்கா கியோட்டோ நெறிமுறையில் கையெழுத்திட்டும் இறுதிவரை அதை உறுதிப்படுத்தவில்லை. கனடா 2011 இல் விலகுவதாக அறிவித்தது.

இரு தரப்பும் இந்த வரலாற்றிலிருந்து ஆதாரம் எடுக்கலாம். 1992 இன் பட்டியலில் தென்கொரியா, சிங்கப்பூர், சவூதி அரேபியா, கத்தார் ஆகியவை தொழில்மயமான நாடுகளாகச் சேர்க்கப்படவில்லை. அன்றைய நிலையை இன்றும் அப்படியே வைத்திருப்பது நியாயமா என்பது கேட்கத்தக்க கேள்வி. 2015 இன் பாரிஸ் ஒப்பந்தம் இதற்கு ஒரு விடையாக, எல்லா நாடுகளும் தத்தம் இலக்கைத் தாமே அறிவிக்கும் முறைக்கு மாறியது. ஆனால் அதை ஏற்ற மாநாட்டு முடிவில், காலநிலை மாற்றத்தால் நேரும் இழப்பும் சேதமும் பற்றிய பிரிவு சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்ற வாசகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். பணக்கார நாடுகள் வசதியின் பெயரால் பணம் தர ஒப்புக்கொள்வார்கள், குற்றத்தின் பெயரால் தர ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. 2009 இல் கோபன்ஹேகனில் 2020 க்குள் வளரும் நாடுகளுக்காக ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவதாகச் சொன்ன வாக்குறுதி, அவர்களுடைய சொந்தக் கணக்கின்படியே 2022 இல்தான் எட்டப்பட்டது. பாதிக்கப்பட்ட நாடுகளுக்கான இழப்பு மற்றும் சேத நிதியத்துக்கு 2022 இல் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில்தான் ஒப்புதல் கிடைத்தது. சிறிய தீவு நாடுகள் 1990 களின் தொடக்கத்திலிருந்தே இதைக் கேட்டு வந்தன.

சட்டப் பொறுப்பைப் பற்றிப் பேசுகிறவர், சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று வழங்கிய ஆலோசனைக் கருத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னின்று ஐ.நா. பொதுச் சபை வழியாகக் கேட்ட கேள்விக்கு விடையாக, காலநிலை அமைப்பைப் பாதுகாக்கும் கடமை நாடுகளுக்கு உண்டு என்றும், புதைபடிவ எரிபொருள் உற்பத்தி, ஆய்வு உரிமங்கள், மானியங்கள் ஆகியவை தொடர்பாகத் தகுந்த நடவடிக்கை எடுக்கத் தவறுவது சர்வதேசச் சட்ட மீறலாகலாம் என்றும் நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. இது கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அதை மறைத்தால் உங்கள் நம்பகத்தன்மை போய்விடும்.

படி 5: எண்ணைச் சொல்வதற்கு முன் அதன் பிறப்பிடத்தைப் பாருங்கள்

எல்லாருக்கும் பழகிப்போன எண்களில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. உலக உமிழ்வில் 71 சதவீதத்துக்கு 100 நிறுவனங்களே காரணம் என்பது அவற்றில் ஒன்று. அந்த எண்ணுக்கு மூலமாக 2017 இல் வெளிவந்த அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. 1988 க்குப் பிறகான தொழில்துறை உமிழ்வில் மட்டுமே அந்தப் பங்கு கணக்கிடப்பட்டது. அந்த நூறில் அரசு எண்ணெய் நிறுவனங்கள் பல அடங்கும். சீனாவின் நிலக்கரித் துறை முழுவதும் ஒரே அமைப்பாக எண்ணப்பட்டது. அந்த உமிழ்வில் பெரும்பகுதி, விற்ற எரிபொருளை வாங்கியவர்கள் எரித்ததால் வந்தது. இவற்றைச் சொன்ன பிறகும் எரிபொருள் உற்பத்தியாளர்களின் பொறுப்பு பெரிதாகவே நிற்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால், நாடுகளையும் மக்களையும் முழுவதும் விடுவிக்கும் வாதமாக அது திரிந்துவிடுகிறது.

ஞெகிழி (பிளாஸ்டிக்) மாசில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கடலில் சேரும் ஞெகிழியில் 90 சதவீதம் பத்து ஆறுகளிலிருந்து வருகிறது என்று பலரும் சொல்வார்கள். 2017 இன் ஆய்வு சொன்னது ஆறுகள் வழியே வரும் பகுதியைப் பற்றி மட்டும். 2021 இல் வந்த விரிவான ஆய்வோ அந்தப் பகுதியில் 80 சதவீதத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் கொண்டுவருவதாகக் கண்டது. பிலிப்பைன்ஸின் பங்கு அதில் மூன்றில் ஒன்றுக்கு மேல். கடற்கரைக்கு அருகில் ஓடும் குறுகிய ஆறுகள், கனமழை, போதாத குப்பை மேலாண்மை ஆகியவையே அதற்குக் காரணம். அம்மக்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஞெகிழியைப் பயன்படுத்துகிறார்கள் என்பது அதன் பொருளல்ல. 2016 கணக்கின்படி ஞெகிழிக் குப்பையை உலகிலேயே அதிகமாக உருவாக்கிய நாடு அமெரிக்கா. அளவு சுமார் 4.2 கோடி டன். பல ஆண்டுகளாகப் பணக்கார நாடுகள் தங்கள் ஞெகிழிக் குப்பையை மறுசுழற்சியின் பெயரால் சீனாவுக்கு அனுப்பின. 2018 இல் சீனா அந்த இறக்குமதியை நிறுத்தியபோது, அந்தக் குப்பை மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. அங்கே சரியாகக் கையாளப்படாமல் கடலுக்குப் போன ஒரு பை யாருடைய கணக்கில் எழுதப்பட வேண்டும்?

கடல் பாதுகாப்புக்காக உழைக்கும் அமெரிக்க அமைப்பான ஓஷன் கன்சர்வன்சி, கடல் ஞெகிழியில் பெரும்பகுதிக்குச் சீனா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, வியட்நாம் ஆகிய ஐந்து நாடுகளைச் சுட்டி 2015 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. குப்பை ஏற்றுமதியின் பங்கைக் கணக்கில் கொள்ளாததற்கு 2022 இல் மன்னிப்புக் கேட்டு அந்த அறிக்கையைத் திரும்பப் பெற்றது. அந்த எண்கள் இன்றும் கட்டுரைகளிலும் மேடைகளிலும் சுற்றி வருகின்றன. எதிரணி அவற்றைப் பயன்படுத்தினால், அறிக்கை திரும்பப் பெறப்பட்டதை அமைதியாகச் சொன்னாலே போதும்.

அலகையும் சரிபாருங்கள். சில அட்டவணைகள் கரிமத்தின் எடையைத் தருகின்றன, சில கரியமில வாயுவின் எடையைத் தருகின்றன, முதலாவதை 3.67 ஆல் பெருக்கினால்தான் இரண்டாவது கிடைக்கும். மீத்தேன் முதலானவற்றைச் சேர்த்த மொத்தமா, கரியமில வாயு மட்டுமா என்பதையும் ஒவ்வொரு முறையும் குறிப்பிடுங்கள்.

படி 6: நாட்டின் எல்லைக்குள்ளும் பாருங்கள்

நாடுகளின் சராசரி, நாட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை மறைக்கிறது. உலக மக்களில் மிக வசதியான 10 சதவீதத்தினர் மொத்த உமிழ்வில் ஏறத்தாழ பாதிக்குக் காரணமாகின்றனர். ஏழைகளான பாதி மக்களின் பங்கு பத்தில் ஒன்றை ஒட்டியே இருக்கிறது. அந்த வசதியானவர்கள் எல்லாக் கண்டங்களிலும் வாழ்கிறார்கள். இந்தியச் சூழலியலாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991 இல் முன்வைத்த வேறுபாடு இங்கே பயன்படும்: உயிர்வாழ்வதற்கான உமிழ்வையும் ஆடம்பரத்துக்கான உமிழ்வையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. நெல் வயலிலிருந்து எழும் மீத்தேனும் சொகுசு விமானத்திலிருந்து வரும் புகையும் அட்டவணையில் ஒரே அலகில் எழுதப்படலாம், அறத்தில் அவை ஒன்றல்ல. வளரும் நாடுகளின் சார்பில் பேசுகிறவருக்கு இது வலிமையான ஆயுதம். அதே நேரத்தில் தன் நாட்டுப் பணக்காரர்கள் ஏழைகளின் குறைந்த சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்களா என்ற கேள்விக்கும் அவர் நேர்மையாக விடை சொல்ல வேண்டும்.

படி 7: வரக்கூடிய வாதங்களுக்கு விடை தயாரியுங்கள்

எங்கள் பங்கு 1 சதவீதம்தான், நாங்கள் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று ஒருவர் கேட்பார். உலக உமிழ்வில் 2 சதவீதத்துக்கும் குறைவான பங்கு கொண்ட நாடுகளையெல்லாம் கூட்டினால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் என்று விடை சொல்லுங்கள். அந்தக் காரணத்தை ஏற்றால் மூன்றில் ஒரு பங்கு உமிழ்வுக்கு யாருமே பொறுப்பில்லாமல் போய்விடும்.

அவர்கள் வளர்ந்தது போலவே நாங்களும் நிலக்கரியில் வளர உரிமை உண்டு என்று மற்றவர் சொல்வார். வளரும் உரிமையை ஒப்புக்கொள்ளுங்கள். ஏனென்றால் அது உண்மையான உரிமை. பிறகு, அந்த உரிமை ஒரு குறிப்பிட்ட எரிபொருளுக்கான உரிமையாக ஏன் இருக்க வேண்டும், மாற்று வழிக்கு ஆகும் கூடுதல் செலவை யார் ஏற்பது என்று கேள்வியை நகர்த்துங்கள். விவாதம் உடனே குற்றச்சாட்டிலிருந்து பேச்சுவார்த்தைக்கு மாறும்.

மக்கள்தொகைப் பெருக்கமே காரணம் என்ற வாதம் வந்தால், தனிநபர் சராசரிக் கட்டத்தைக் காட்டுங்கள். மக்கள்தொகை வேகமாகப் பெருகும் நாடுகளில் பல, உமிழ்வில் மிகக் கீழே இருக்கின்றன.

இவற்றைவிட முக்கியமான பயிற்சி ஒன்று உண்டு. உங்கள் அணிக்குச் சாதகமான அளவுகோல் எது, அது எதை மறைக்கிறது என்பதை நீங்களே உரையின் தொடக்கத்தில் சொல்லிவிடுங்கள். எடுத்துக்காட்டாக, திரண்ட உமிழ்வை வைத்துப் பேசுகிறவர், இனி கூடப்போகும் உமிழ்வின் பெரும்பகுதியை இந்த அளவுகோல் காட்டாது என்பதை நான் அறிவேன் என்று சொல்லிவிட்டு, ஆயினும் இழப்பீட்டைப் பற்றிப் பேசும்போது ஏன் இதுவே பொருத்தமானது என்று விளக்கலாம். எதிரணியின் சிறந்த கேள்விக்கு அத்துடன் பாதி விடை கிடைத்துவிடுகிறது. நடுவரும் உங்கள் மற்ற எண்களை நம்பத் தொடங்குகிறார்.

படி 8: கோரிக்கையோடு முடியுங்கள்

பொறுப்பைப் பங்கிட்டுச் செயல்பட்ட முன்னுதாரணம் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் மேடை ஏற வேண்டாம். ஓசோன் படலத்தைச் சிதைக்கும் பொருள்களுக்கான மான்ட்ரியல் நெறிமுறை 1987 இல் உருவானது. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டுக் கூடுதல் அவகாசம் கிடைத்தது. அவர்கள் மாறுவதற்கான செலவுக்கு 1990 இல் ஒரு பன்னாட்டு நிதியம் அமைந்தது. அதற்கான பணத்தைத் தொழில்மயமான நாடுகள் தந்தன. 2009 வாக்கில் உலகின் எல்லா நாடுகளும் அதில் இணைந்துவிட்டன. பொறுப்பு வேறுபட்டது என்பது தப்பிக்கும் வழியாகாமல், எல்லாரையும் உள்ளே கொண்டுவரும் வழியாக அங்கே செயல்பட்டது.

கண்காணிப்பும் அங்கே வேலை செய்தது. 2010 க்குள் உலகெங்கும் உற்பத்தி நின்றிருக்க வேண்டிய சிஎஃப்சி 11 என்னும் வாயுவின் உமிழ்வு மீண்டும் கூடியிருப்பதை விஞ்ஞானிகள் 2018 இல் காற்று அளவீடுகளிலிருந்து கண்டறிந்தனர். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் உள்ள அளவீட்டு நிலையங்களின் தரவுகளைக் கொண்டு, அந்தக் கூடுதலில் 40 முதல் 60 சதவீதம் கிழக்குச் சீனாவிலிருந்து வந்ததாக 2019 இல் காட்டினர். அடுத்த சில ஆண்டுகளில் அந்த உமிழ்வு வெகுவாகக் குறைந்தது. பொறுப்பாளியைச் சுட்டுவதற்கு அளவீடு, திருத்திக்கொள்வதற்கு ஒப்பந்தம், மாறுவதற்கு நிதி என மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததே இதன் சிறப்பு.

எனவே உங்கள் நிறைவுரையில் ஒரு நாட்டின் பெயரை மட்டும் உரத்துச் சொல்லிவிட்டு அமராதீர்கள். எந்த மாசு, எந்த அளவுகோல், எந்தத் தொடக்க ஆண்டு, எந்த வகைப் பொறுப்பு என்ற நான்கையும் சொல்லி, அதிலிருந்து யார் எதைச் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். நடுவர் இறுதியில், சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்த நாடு பொறுப்பு என்று கேட்டால், விடை இந்த வடிவில் இருக்கலாம்: "இதுவரை திரண்ட கரியமில வாயுவுக்கு அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் முதன்மைப் பொறுப்பாளிகள், ஆகவே பாதிக்கப்பட்ட நாடுகளுக்கான நிதியில் பெரும்பங்கு அவர்களுடையது. இன்றைய ஆண்டு உமிழ்வில் சீனா முதலிடத்தில் இருக்கிறது, அதன் தனிநபர் சராசரியும் உலகச் சராசரியைத் தாண்டிவிட்டது. ஆகவே உமிழ்வை விரைவாகக் குறைக்கும் கடமையும், நிதியில் பங்கேற்கும் கடமையும் இனி அதற்கும் உண்டு. தனிநபர் சராசரி உலகச் சராசரிக்குக் கீழே உள்ள நாடுகள், கிடைக்கும் நிதிக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஏற்பத் தங்கள் பாதையை மாற்ற வேண்டும். அவற்றிலுள்ள பணக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை." இதில் எந்த வரியை நீங்கள் ஏற்கவில்லையோ, அந்த வரிக்குரிய கட்டத்தை உங்கள் தாளில் மீண்டும் எடுத்துப் பார்த்து, மாற்று வரியை அதன் காரணத்தோடு எழுதிக்கொண்டு மேடைக்குச் செல்லுங்கள்.